பல்லியும் பிப்ரவரி முப்பதும்

பிப்ரவரி 2

இந்த டைரி எந்தக் கடையிலும் கிடைக்காது. சென்ற நவம்பரில் நானே கம்ப்யூட்டரில் அமைத்து, நானே சரிபார்த்து, பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டுவிட்ட டைரி இது. பன்னிரண்டு பிரதி பைண்டிங் ஆன பிறகு முதலாளி கண்டுபிடித்தார். பன்னிரண்டையும் என் மேசையில் அடுக்கி, "பொன்மாரி, ஒம் புண்ணியத்துல உலகத்துக்கே ரெண்டு நாள் ஆயுசு கூடிருச்சும்மா" என்றார். பிரஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதேன். பதினொன்று எடைக்குப் போயிற்று. ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். இத்தனை நாள் சும்மா கிடந்தது, இன்று எழுதத் தோன்றியது.

காலையில் முதலாளி கூப்பிட்டார். காலண்டர் சீசன் முடிந்து சிவகாசியே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. பட்டாசு லேபிள் மட்டும் ஓடுகிறது. சீட்டு வெட்டும் இரண்டாம் நம்பர் கட்டிங் மெஷினுக்கு ஜனவரியிலிருந்து வேலையே இல்லை. மதுரையில் ஹபீபா அம்மா என்று விளையாட்டுச் சாமான் மொத்த வியாபாரி ஒருவர். கோடை லீவுக்குப் புதிதாக ஒரு சீட்டு விளையாட்டு கேட்டிருக்கிறார்.

"ரெண்டு பேரு வெளையாடணும். மிருகமும் மிருகமும் மோதணும். ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஆட்டம் முடியணும். மார்ச் பதினாலு நேர்ல வாராக. பிடிச்சா ஆர்டரு. பிடிக்கலைன்னா மாசக் கடைசில அந்த மெஷின வந்த வெலைக்குத் தள்ளிவிட்ற வேண்டியதுதான்."

"தள்ளிவிட்டா..?" என்றேன்.

"ஒனக்கென்ன, ஒனக்கு லேபிள் இருக்கு. தெய்வேந்திரன்தான் ஓசூர்ல அவன் மச்சான் இருக்கற கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிட்டான்."

தெய்வேந்திரன் அண்ணன் அந்த மெஷினின் ஆபரேட்டர். ஆறு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறார். என் மேசையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு அப்பால் அவர் முதுகு தெரியும். எனக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஒரு மனிதர் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது நல்லதில்லையே. செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5

விளையாட்டு பிடிபட்டுவிட்டது. இருபத்தெட்டுச் சீட்டு, இருபத்தெட்டு ஜீவன்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: கடி, தோல். ஆளுக்கு ஏழு சீட்டு. இருவரும் ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, பிறகு ஒன்றாகத் திருப்ப வேண்டும். என் ஜீவனின் கடி உன் ஜீவனின் தோலைவிடப் பெரியது என்றால் உன்னுடையதை நான் பிடித்தேன். இரண்டும் கடித்துக்கொண்டால் இரண்டும் காலி. ஒன்றையொன்று கடிக்க முடியாவிட்டால் முறைத்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். மூன்று பிடித்தவர் ஜெயித்தார்.

சிறுத்தை, காட்டுப்பன்றி, கரடி, கீரி, நல்லபாம்பு, முள்ளம்பன்றி, ஆட்டுக்கிடா, குளவி என்று வரைந்துகொண்டே போனேன். கடைசியில் பல்லி. பல்லிக்குக் கடி ஒன்று, தோல் ஒன்று. அதைப் பார்த்துப் பாவமாக இருந்தது. வருடா வருடம் காலண்டருக்குப் பின்னால் பல்லி விழும் பலன் அட்டவணையை டைப் அடிப்பவள் நான். தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். உடனே ஒரு தனி விதி போட்டேன். கடி ஆறும் அதற்கு மேலும் உள்ள பெரிய மிருகம் எதுவானாலும் பல்லி அதன் தலையில் விழும், பெரியது அங்கேயே அவுட். சின்ன ஜீவன்கள் மட்டும் பல்லியைத் தின்றுவிடும்.

அம்மாவிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துக்குப் பாத்த மாப்பிள்ளையெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு, உக்காந்து பல்லிக்கு வாலு வரையுறா" என்றாள். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் இப்படித்தான் பேசுவதா?

பிப்ரவரி 9

முதல் டம்மி, அதாவது மாதிரிக் கட்டு, தயார். ஒரே ஷீட்டில் முன்பக்கம் இருபத்தெட்டு ஜீவன். பின்பக்கம் முழுக்கப் பாம்புச் செதில் டிசைன், பச்சையும் கறுப்புமாய் அள்ளிக்கொண்டு போகிறது. தெய்வேந்திரன் அண்ணன் வெட்டி, மூலை ரவுண்டு பண்ணி, கட்டாக அடுக்கி என் மேசையில் வைத்தார். வைத்துவிட்டும் போகவில்லை.

"என்னண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டிசைனரம்மா. இந்தப் பின்பக்கம்..." என்று இழுத்தார்.

"நல்லாருக்குல்ல? ரெண்டு நாளா உக்காந்து போட்டது. வாங்க, ஒரு ஆட்டம் போட்டுப் பாத்துருவோம்."

நாலு மணி டீ நேரம். பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்து ஆடினோம். நான் எடுத்த எடுப்பில் சிறுத்தையை வைத்தேன். அவர் என் சீட்டைப் பார்க்கிறார், தன் கையைப் பார்க்கிறார், காதைச் சொறிகிறார், பிறகு ஒன்றை வைக்கிறார். திருப்பினால் தவளை. மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தேன். கையைத் தட்டிவிட்டேன் போலிருக்கிறது, பேக்கிங் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தோற்றவர் டீ கொண்டுவர வேண்டும் என்று நான்தான் விதி போட்டேன். இஞ்சி அதிகம் போட்டு, பாலாடை இல்லாமல் வடிகட்டிக் கொண்டுவந்தார். எனக்கு ஆடை ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

பிப்ரவரி 11

மூன்று ஆட்டம். மூன்றும் நான்.

பிப்ரவரி 13

கணக்கு நோட்டு போட்டு எந்த ஜீவன் எதைப் பிடித்தது என்று எழுதுகிறேன். பதினாறு ஆட்டத்தில் பதினான்கு நான். சிறுத்தை வைத்தால் ஜெயம் நிச்சயம். கரடியும் அப்படியே. அப்படியென்றால் பெரிய மிருகங்களுக்கு வலு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சிறுத்தையின் கடியை ஒன்பதிலிருந்து ஆறாக்கி, தோலை நாலாக்கிச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டினேன்.

தெய்வேந்திரன் அண்ணனுக்கு மூளை மட்டு. பாவம் என்றுதான் சொல்கிறேன், குறையாகச் சொல்லவில்லை. எனக்குப் பிறகுதான் சீட்டு வைப்பார், அத்தனை நேரம் யோசிப்பார், கடைசியில் தோதாக என் வாயிலேயே கொண்டுவந்து வைப்பார். இன்னொரு விஷயம். பிரஸ்ஸில் உள்ள அத்தனை பெண்களையும் "தங்கச்சி" என்பவர், என்னை மட்டும் "டிசைனரம்மா" என்கிறார். ஆறு வருடமாக நானும் கவனிக்கிறேன். என்ன திமிர்!

பிப்ரவரி 17

இன்று பணியாரம் எடுத்துப் போனேன். "எப்பவும் அஞ்சு கொண்டு போவ, இன்னைக்கு என்ன பதினஞ்சு?" என்றாள் அம்மா. டெஸ்டிங் வேலைக்கு என்றேன். "பணியாரத்த எதுக்குடி டெஸ்ட் பண்றாக?" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

அவர் எட்டு சாப்பிட்டார். நாலு ஆட்டம் தோற்றார்.

பிப்ரவரி 20

தெய்வேந்திரன் அண்ணன் லீவு. ஓசூருக்குப் போயிருக்கிறாராம், கம்பெனியைப் பார்த்துவிட்டு வர. அதற்குள் என்ன அவசரமோ.

பேக்கிங் செல்லத்தாய் அக்காவோடு ஆடினேன். ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோற்றேன். முதல் ஆட்டத்தில் என் சிறுத்தையை அவருடைய ஆட்டுக்கிடா முட்டித் தள்ளிவிட்டது.

செல்லத்தாய் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணை மறுபடி பார்த்தார். "ஏம் பொன்மாரி, கிடா முட்டிச் சிறுத்தை சாகுமா? எங்க ஊர்ப் பக்கம்லாம் நேர்மாறால்ல நடக்கும்?"

"டெஸ்ட் பண்ணித்தாங்கா மாத்தினேன். தெய்வேந்திரன் அண்ணங்கூட ஆடுனா சிறுத்தைதான் எப்பவும் ஜெயிக்குது."

"அவன்கூட ஆடுனா நீதான் எப்பவும் ஜெயிக்கற. சிறுத்தையா ஜெயிக்குது?" என்று சொல்லிவிட்டு லேபிள் எண்ணப் போய்விட்டார்.

என்ன சொல்ல வருகிறார் என்று புரியவில்லை. புரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. மனசு சரியில்லை, வெயில் அதிகம்.

பிப்ரவரி 24

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

இன்று ஆட்டத்துக்கு முன்னால் சீட்டைக் கலைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது பார்த்தால், தெய்வேந்திரன் அண்ணன் கவிழ்ந்திருந்த கட்டை விசிறி மாதிரி விரித்து, நடுவிலிருந்து ஒரே ஒரு சீட்டை உருவினார். திருப்பிப் பார்க்கவே இல்லை. "பல்லி மூலை மடங்கியிருக்கு, சரி பண்ணித் தாரேன்" என்றார். வாங்கித் திருப்பினேன். பல்லிதான்.

"எப்படித் தெரியும்?"

விரித்த சீட்டுகளைச் சேர்த்துக் கட்டாக்கினார்.

"பின்னாடி பாத்தே தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டார். "செதிலு ஷீட்டு முழுக்க ஒரே ஓட்டமா ஓடுது டிசைனரம்மா. சீட்டுச் சீட்டா வெட்டும்போது ஒவ்வொண்ணுக்கும் ஓரம் வேற வேறயா விழுந்துருது. பல்லிக்கு வலது மூலைல அரைச் செதில். சிறுத்தைக்கு மேல முழுக் கறுப்பு. வெட்டுனவன் நானு, எனக்குத் தெரியாதா?"

பத்து வருடமாகப் பட்டாசு லேபிள் போடுகிறேன். லேபிளுக்கு முதுகு கிடையாது, டப்பாவில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. முதுகு என்று ஒன்று இருக்கிறது, அதை எதிராளி பார்ப்பான் என்றே எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் எந்த லேபிள்காரியைக் கேட்டாலும் இதே தப்பைத்தான் செய்வாள். பிப்ரவரி முப்பதுக்கு ஒரு தங்கை பிறந்துவிட்டாள்.

அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. "அப்ப நான் என்ன வைக்கிறேன்னு ஒவ்வொரு தடவையும் ஒங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்."

"தெரிஞ்சே தோத்தீங்களா? நாப்பத்தாறு ஆட்டத்துல நாப்பத்தோரு ஆட்டம்!"

"மொத நாளே சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க ஜெயிச்சுட்டுக் கையத் தட்டிச் சிரிச்சீங்க. சரி, நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன். அப்பறம் நாளைக்கு நாளைக்குன்னு போயிருச்சு."

என் நோட்டு, என் கணக்கு, ஸ்டிக்கர் ஒட்டின எண்கள், எல்லாம் குப்பை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். போவது அவருடைய வேலை, அந்த வேலையைக் காப்பாற்ற நான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன், இவர் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! "இனிமே எங்கூடப் பேசாதீங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். ஆடவே இல்லை, அதற்கு ஒரு டீ. குடிக்கவில்லை. அதாவது முழுசாகக் குடிக்கவில்லை.

பிப்ரவரி 25

பேசவில்லை.

பிப்ரவரி 26

பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாதே என்றால் அப்படியே பேசாமல் இருந்துவிடுவதா? கண்ணாடிக்கு அப்பால் அதே முதுகு.

பிப்ரவரி 28

பின்பக்கத்தை முதலிலிருந்து போட்டேன். ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக ஒரே செதில் வட்டம், சுற்றிலும் வெள்ளை ஓரம். கடி, தோல் எண்கள் அத்தனையையும் அழித்துப் புதிதாக எழுதினேன். சிறுத்தைக்குக் கடி மறுபடி ஒன்பது. ஹபீபா அம்மா வர இன்னும் இரண்டு வாரம். ஒரு ஆட்டமாவது நிஜமாக ஆடிப் பார்க்காமல் எப்படிக் காட்டுவது?

பிப்ரவரி 29

உண்மையில் இன்று மார்ச் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை. டைரியில் அடுத்த பக்கம் இதுதான் வந்தது. இல்லாத நாள். இதில் எழுதினால் எழுதினதாகக் கணக்கில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர் ஓசூர் போனால் என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான். ஆறு வருடமாக அந்த முதுகைப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறேன். வேலை போகும் என்று தெரிந்தும் நான் சிரிப்பதற்காக நாற்பத்தோரு தடவை தோற்ற மனிதரை நான் எங்கே போய்த் தேடுவேன்? விளையாட்டு பிடிக்கவில்லை என்று ஹபீபா அம்மா சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

பிப்ரவரி 30 பக்கத்தைச் சும்மா விட்டிருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை. இப்படி ஒரு நாள் எல்லாருக்கும் கிடைக்காது.

மார்ச் 3

புது டம்மி. ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிக் கொடுத்தார். மூலைகளை மெஷினில் விடாமல் கையாலேயே ஒவ்வொன்றாகத் தேய்த்திருந்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"உக்காருங்க. இன்னைக்கு விட்டுக்குடுத்தீங்கன்னா இந்தக் கட்ட அடுப்புல போட்ருவேன்."

"நெசமா வெளையாடவா?"

"நெசமாத்தான்."

ஆடினார். அடேயப்பா! ஏழு ஆட்டம், ஏழும் அவர். என் சிறுத்தையைப் பாம்பை விட்டுக் கொன்றார், கரடியைக் குளவியை விட்டு ஓட்டினார், பல்லியை வைத்த இரண்டு தடவையும் தயாராகக் கீரியோடு உட்கார்ந்திருந்தார். மூளை மட்டு என்று எழுதிய பேனாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? நான் ஏழு தடவை டீக்கடைக்கு நடந்தேன். ஏழாவது தடவை டீக்கடைக்காரர், "ஆபீஸ்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"இப்பதான் முதுகெல்லாம் ஒண்ணு போல இருக்கே, எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்றேன்.

"சீட்ட எதுக்குப் பாக்கணும்? சிறுத்தைய வைக்கும்போது துப்பட்டாவ இழுத்துச் சொருகுறீங்க. பல்லிய வைக்கும்போது மட்டும் கீழ் உதட்டக் கடிக்கிறீங்க."

எனக்கு முகம் சூடேறிவிட்டது. நல்லவேளை, மெஷின் ரூமில் எப்போதும் சூடுதான்.

ஒன்று கவனித்தேன். இன்று முழுக்க அவரை "அண்ணே" என்று கூப்பிடவில்லை. மறந்துபோயிற்று.

மார்ச் 9

அந்த ஏழு ஆட்டத்தைக் கழித்துவிட்டால், ஆளுக்குப் பத்து ஆட்டம் என்று சமமாக நிற்கிறது. எண்களை இன்னும் இரண்டு தடவை மாற்றினோம், முள்ளம்பன்றிக்குத் தோல் ஒன்று கூட்டினோம். நானும் இப்போது துப்பட்டாவைத் தொடுவதில்லை. உதடு மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. ஒரு ஆட்டம் நாலு நிமிடத்தில் முடிகிறது, டீ ஆறவே மாட்டேன் என்கிறது.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "யாருடி அது?"

"எது யாரு?"

"முன்னெல்லாம் பேச்சுக்குப் பேச்சு தெய்வேந்திரண்ணே, தெய்வேந்திரண்ணேன்னு சொல்லிட்டிருந்த. ஒரு வாரமா அண்ணனக் காணோம், வெறும் தெய்வேந்திரன்தான் வீட்டுக்குள்ள வாராரு. அதான் யாருன்னு கேட்டேன்."

கீரைத் தண்டில் புழு இருக்கிறது பார் என்றேன். புழு இல்லை.

மார்ச் 12

நாளை மறுநாள் ஹபீபா அம்மா. முதலாளி ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து, "பிப்ரவரிக்கு எத்தனை நாளுன்னு இப்பவாவது எண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒன்பது தடவை சரிபார்த்துவிட்டேன்.

சாயங்காலம் நான் சீட்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டு வைக்கும்போது தெய்வேந்திரன் சொன்னார்: "பதினாலாந் தேதி அந்தம்மா முன்னாடி நம்ம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆட வேண்டி வரும்ல? அதுல ஒரு பந்தயம் வெப்போம். ஜெயிச்சவங்க தோத்தவங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம். தோத்தவங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"எதை வேணாலுமா?"

"எதை வேணாலும்."

சரி என்றேன். சொல்லும்போது ரப்பர் பேண்டு கையிலேயே அறுந்துவிட்டது, பழைய ரப்பர். அவரும் ஏன் அப்படி வெளிறிப்போய் நின்றார் என்று தெரியவில்லை. கேட்ட உடனே தான் கேட்டதற்குத் தானே பயந்த மாதிரி இருந்தது. மதியம் சாப்பிடவில்லையோ என்னவோ.

மார்ச் 14

எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஒன்றும் விடப் போவதில்லை.

பதினோரு மணிக்கு ஹபீபா அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஒரு துணிப்பை, அதில் மற்ற கம்பெனிக்காரர்கள் கொடுத்த டம்மிகள் எட்டு. வந்ததும் முதலில் என் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். நாலு சீட்டை வரிசையாக வைத்து ஓரம் ஓரமாக விரலை ஓட்டினார். "ம், பின்னாடி சுத்தமா இருக்கு. பாதிப் பேரு இதுல கோட்டை விட்ருவாங்க" என்றார். தெய்வேந்திரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னோடு ஒரு ஆட்டம் ஆடினார். விதி சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பல்லி விதியைப் படித்தவுடன் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க வீட்ல பல்லிய மட்டும் பாத்துட்டா போதும், நான் இருக்குற எடம் தெரியாது. சிறுத்தை பயப்படறதுல என்னம்மா ஆச்சரியம்?" என்னைத் தோற்கடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சு என்ன ஆகப்போகுது? ரெண்டு பேரு இத எப்படி ஆடுறாங்கன்னு நான் பக்கத்துல இருந்து பாக்கணும். நீயும் அந்தத் தம்பியும் ஆடுங்க."

பேப்பர் கட்டு மேல் உட்கார்ந்தோம். முதலாளி, செல்லத்தாய் அக்கா, லேமினேஷன் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதல் சீட்டிலேயே என் கரடி போயிற்று. "இதுக்குத்தான் எடுத்த ஒடனே பெருச வெக்காதீங்கன்னு தலதலயா அடிச்சுக்கறேன்" என்றார் அவர். "ஒங்க வேலையப் பாருங்க" என்றேன். அடுத்ததில் என் குளவி அவருடைய ஓநாயை விரட்டியது. "இது எப்ப வந்துச்சு ஒங்க கைக்கு?" என்று கத்தினார். பிறகு ஒன்று அவர், ஒன்று நான். இரண்டுக்கு இரண்டு. எதிரில் ஹபீபா அம்மா இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆளுக்கு மூன்று சீட்டு மிச்சம். என் கையில் தவளை, நண்டு, பல்லி. சின்னது எதை வைத்தாலும் அவரிடம் செல்லாது என்று தெரியும். பல்லியை வைத்தேன். உதட்டை நான் கடிக்கவே இல்லை, சத்தியமாக. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். காதைச் சொறிந்தார். கையிலிருந்த மூன்றையும் இரண்டு தடவை மாற்றி மாற்றி அடுக்கினார். பிறகு ஒன்றை வைத்தார்.

திருப்பினோம். என்னுடையது பல்லி. அவருடையது காட்டுப்பன்றி, கடி ஏழு.

"பன்னி தலைல பல்லி!" என்று செல்லத்தாய் அக்கா கூவியதுதான் முதலில் கேட்டது. நான் எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல். அவர் மிச்சம் இரண்டு சீட்டையும் யாருக்கும் காட்டாமல் கட்டுக்குள் சொருகிவிட்டார்.

ஹபீபா அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "என்ன தம்பி, விட்டுக்குடுத்தியா?"

"ஜெயிக்கணும்னுதாம்மா வெளையாடுனேன்" என்றார்.

"நாலரை நிமிசம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார் ஹபீபா அம்மா. "இந்தப் பையில எட்டு டம்மி இருக்கு. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு பேர வெச்சு ஆடிப் பாக்கச் சொன்னேன். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்து ஆடுனாங்க. நீங்க ரெண்டு பேர்தான் நான் ஒருத்தி இங்க இருக்கறதையே மறந்துட்டீங்க. எட்டாயிரம் கட்டு போடுங்க. ஏப்ரல் பத்துக்குள்ள வேணும். பல்லிய அட்டைல பெருசாப் போடு."

முதலாளி இரண்டாம் நம்பர் மெஷினுக்குப் போய் அதைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுகிற மாதிரி. நான் பாத்ரூமுக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்துக்கு அழுவதில் தப்பில்லை.

திரும்பி வந்தால் தெய்வேந்திரன் நிற்கிறார். "ஜெயிச்சுட்டீங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார்.

யோசித்துக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16

ஞாயிறு முழுக்க யோசித்தேன். இன்று நாலு மணிக்குக் கேட்டேன்.

"நீங்க ஜெயிச்சிருந்தா எங்கிட்ட என்ன கேக்கறதா இருந்தீங்க? அதச் சொல்லுங்க. மாட்டேன்னு சொல்லக் கூடாது."

மனிதர் இதை எதிர்பார்க்கவில்லை. மெஷினின் பட்டனைத் துடைத்தார், துடைத்த துணியை மடித்தார், மடித்த துணியைப் பிரித்தார். "அது வந்து... என்னைய அண்ணேன்னு கூப்பிடாம இருக்க முடியுமான்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"மார்ச் மூணாந் தேதியே நிறுத்திட்டேனே, கவனிக்கலையா?"

"கவனிச்சேன். மறந்து விட்டுட்டீங்களோ, வேணும்னே விட்டீங்களோ, அதான் தெரியல."

"உதட்டப் பாத்து பல்லியக் கண்டுபிடிக்கத் தெரியுது, இது தெரியலையா?"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. இந்தத் தடவை பேசாமல் இருந்தது நன்றாக இருந்தது.

மார்ச் 18

அம்மாவிடம் சொன்னேன். "நான் கீரை ஆயும்போதே சொல்லிட்டேன், ஒனக்குத்தான் இப்பத் தெரிஞ்சிருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவும் அக்காவும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பணியாரம் எத்தனை சுடுவது என்று இப்போதே சண்டை. ஓசூர் மச்சானுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

இல்லாத ஒரு நாள் என்னிடம் இருக்கிறது என்று இன்று அவரிடம் சொன்னேன். நம்பவில்லை. டைரியைக் கொண்டுபோய், மற்ற பக்கங்களை எல்லாம் முன்னும் பின்னும் பைண்டிங் கிளிப் போட்டு இறுக்கி மூடி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து கொடுத்தேன். "இதுல என்ன எழுதுனாலும் கணக்குல வராது. வேணும்னா எதாவது எழுதுங்க" என்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எழுதினார். எழுதி முடித்ததும் டைரியை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

பிப்ரவரி 30

டிசைனரம்மாவுக்கு,

இந்தப் பக்கம் கணக்கில் வராது என்று நீங்கள் சொன்ன தைரியத்தில் எழுதுகிறேன். பதினாலாம் தேதி கடைசிச் சீட்டு வைக்கும்போது கீழ் உதட்டைக் கடித்தீர்கள். பல்லி என்று தெரிந்துவிட்டது. என் கையில் கீரி இருந்தது. பன்றியை வைத்தேன்.

மாட்டேன் என்று சொல்லக் கூடாது என்ற விதியை நான்தான் போட்டேன். போட்ட பிறகு ரெண்டு நாள் தூக்கம் இல்லை. நான் ஜெயித்துக் கேட்டிருந்தால், உங்களுக்கு இஷ்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் சரி என்றுதான் சொல்லியாக வேண்டும். அப்படி வருகிற சரி எனக்கு வேண்டாம் என்று பட்டது. நான் விட்டுக்கொடுத்தது அந்தம்மாவுக்குத் தெரிந்து ஆர்டர் போனால் போகட்டும், ஓசூர் இருக்கிறது என்று நினைத்துத்தான் வைத்தேன்.

கோபப்பட வேண்டாம். கட்டை அடுப்பில் போடவும் வேண்டாம், எட்டாயிரம் வெட்ட வேண்டியிருக்கிறது. இனிமேல் ஒரு ஆட்டமும் விட்டுத்தர மாட்டேன். நாளையிலிருந்து டீக்கு நீங்கள்தான் நடக்க வேண்டும்.

தெய்வேந்திரன்